சந்தேகம் வந்தால் தள்ளு

“தள்ளு” என்று சொல்லிக்கொண்டே பாட்டில்காரர் ஒரு மெயிலை ஒழித்துக்கட்டினார். அம்புக்குறியை அடுத்ததன் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, அனுப்பியவர் பெயரை வீடு முழுக்கக் கேட்கும்படி படித்தார். “அகில உலக அதிர்ஷ்ட அலுவலகம். அடேங்கப்பா, உலகத்துக்கே ஆபீஸ் போட்டவன் நம்ம வீட்டுக் கதவைத் தட்டறான்! தள்ளு.” அதற்கு அடுத்தது முடி வளர்க்கும் எண்ணெய். தன் வழுக்கையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். “இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? தள்ளு.”

கூடத்தின் மறுகோடியில், மடியில் ஒரு திரைச்சீலையைப் போட்டு ஓரம் மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்குக் காது வலித்தது.

“ஏங்க, அதையெல்லாம் மனசுக்குள்ள படிச்சா ஆகாதா?”

“மனசுக்குள்ள படிச்சா பாதி தப்பிச்சுடும்.”

“தப்பிச்சாத்தான் என்ன? புலியா அது?”

வேலை நேரத்தில் அவர் வம்பளப்பதில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்து, முகம் கழுவி, தேநீர் குடித்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற நேரமும் அவருக்கு வேலை நேரம்தான். உட்காரும் முன் ஒரு பழைய பனியன் துணியால் திரையைத் துடைப்பார். பிறகு விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டுவார். பிறகு துணியை நாலாக மடித்து வைப்பார். இவ்வளவும் முடிவதற்குள் மனைவி ஒரு முழம் தைத்துவிடுவாள்.

பாட்டில்காரர் என்பது தெரு வைத்த பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு, சாயங்காலத்தில் அவரைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிப் போவார்கள். பாவம், அந்த மனிதர் தேநீரைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. கண்ணாடித் தொழிற்சாலையில் பாட்டில் பார்ப்பது அவர் உத்தியோகம். சூளையிலிருந்து வந்து ஆறிய பாட்டில்கள் பெல்ட்டின் மேல் வரிசையாக நகர்ந்து வரும். அவற்றுக்குப் பின்னால் வெள்ளையாக எரியும் விளக்குப் பலகை. எதிரே ஒரு முக்காலியில் இவர். கழுத்தில் கீறல், தோளில் குமிழி, அடியில் மணல் பரு, வாயில் மயிரிழை வெடிப்பு என்று எது கண்ணில் பட்டாலும் வலது கை தானாக நீண்டு பாட்டிலை ஓரத்துத் தொட்டியில் தள்ளிவிடும். இது குறையா இல்லையா என்று யோசிக்கக் கூடாது. யோசிக்கிற நேரத்தில் நாலு பாட்டில் போய்விடும். ஆகவே வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்: “சந்தேகம் வந்தா தள்ளு.” தள்ளினால் நட்டமும் இல்லை. தொட்டியில் விழுந்து நொறுங்கியது மறுபடியும் சூளைக்கே போகும், உருகும், வேறு பாட்டிலாகப் பிறந்து வரும். பத்து நல்ல பாட்டிலைத் தள்ளினாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. ஒரு கெட்ட பாட்டிலை விட்டால்தான் மேலாளர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

தொழிற்சாலை நியாயம் வீட்டுக்குப் பொருந்துமா என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. அது அவர் மனைவியின் தலையெழுத்து. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் விளக்கு இருக்கும். முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் அதன் மேல் வைத்துப் பார்ப்பார். காய்கறிக் கடையில் தக்காளியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பார். தெருமுனையில் இவர் தலை தெரிந்ததும் கடைக்காரர் கூடையை உள்ளே இழுத்துக்கொண்டு, “அண்ணே, அக்காவை அனுப்புங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று கும்பிடுவார். யார் வீட்டுக்குப் போனாலும் சமையலறை அலமாரியில் இருக்கும் பாட்டிலை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி அடியில் உள்ள முத்திரையைப் பார்ப்பார். தங்கள் தொழிற்சாலை முத்திரை என்றால், “நம்மளுது” என்று மட்டும் சொல்லித் திரும்ப வைப்பார். அந்தச் சமயத்தில் அவர் குரல் குழையும். பெற்ற மகளைக்கூட அந்தக் குரலில் கூப்பிட்டதில்லை என்பது மனைவியின் கட்சி.

அவள் திரைச்சீலைக் கடையில் தைக்கிறவள். ஊரில் பாதி ஜன்னல்கள் அவள் கை பட்டவை. முடித்த திரையை வீட்டில் விரித்துவிட்டால் போதும், கொட்டாவி விட்டபடியே சொல்வார்: “இடது பக்கம் அரை விரல் ஏறியிருக்கு.” டேப்பை எடுத்து அளந்து பார்ப்பாள். ஏறித்தான் இருக்கும். எரிச்சலே அதுதான். மனிதர் தப்பாகச் சொன்னால் சண்டை போடலாம்; சரியாகச் சொல்கிறவரை என்ன செய்வது? நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் என்ன குறைந்தா போய்விடுவீர்கள் என்று அவள் ஒருமுறை கேட்டுவிட்டாள். “நல்ல பாட்டிலை யாராவது கையில எடுத்துப் பாராட்டுவாங்களா? அது தன்பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்” என்றார்.

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. செருப்பு அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மேஜை மேல் இருக்கிறது. மெயில் முகவரியும் ஒன்றுதான். மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது தொடங்கியது. மகள் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். தனக்கென்று போனில் வேறு முகவரி வைத்துக்கொண்டாள். மின்சாரக் கட்டணம், நூலகம், பல் வைத்தியர், சொந்தபந்தம் என்று வீட்டுக்கு வருகிறதெல்லாம் பழைய முகவரிக்கே வரும். யாரும் திறக்கலாம், யாரும் படிக்கலாம், யாரும் மூடாமல் போகலாம்.

குப்பை மெயில் எல்லார் வீட்டுக்கும் வருவதுதான். இந்த வீட்டுக்கு மட்டும் அது வெள்ளமாக வந்ததற்குக் காரணம் சாட்சாத் பாட்டில்காரரேதான். பரிசு விழுந்திருக்கிறது என்று முதல் மெயில் வந்தபோது, மற்றவர்கள் மாதிரி அதை அழித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தள்ளின சரக்கில் என்ன குறை என்று சூளைக்காரர்களுக்குத் தெரிவிப்பது தொழிற்சாலை முறை. அந்த முறைப்படியே மோசடிக்காரனுக்குப் பதில் எழுதினார். “ஐயா, தங்கள் கடிதத்தில் தேதி இல்லை. முத்திரை கோணலாக இருக்கிறது. முதல் வரியில் என்னை ஐயா என்றும் மூன்றாம் வரியில் அம்மா என்றும் அழைத்திருக்கிறீர்கள். சரி செய்யவும்.” அவன் சரி செய்தே அனுப்பினான். இவர் அதிலும் குறை கண்டு எழுதினார். இந்த முகவரியில் பதில் போடுகிற புண்ணியவான் ஒருவர் இருக்கிறார் என்ற நல்ல செய்தி மோசடி உலகம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது.

விஷயம் தெரிந்ததும் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “அப்பா, திருடனுக்கு டியூஷன் எடுத்திருக்கீங்க!”

அவள்தான் ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் உட்கார்ந்து, ஸ்பேம் ஃபில்டர் என்றால் என்ன என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தாள். சந்தேகத்துக்கு இடமான மெயில் தானாகவே ஒரு தனிப்பெட்டிக்குப் போய்விடும். இன்ன வார்த்தை இருந்தால் ஒதுக்கு என்று நாமாகவும் விதி எழுதி வைக்கலாம். பாட்டில்காரர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை அந்த வீடு பார்த்ததே இல்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, கையைக்கூட நீட்டாமல் தள்ளலாமே! ஒரே ஒரு இடத்தில்தான் முரண்டு பிடித்தார்.

“தனிப்பெட்டி எதுக்கு?”

“நல்ல மெயில் ஏதாவது தவறிப் போய் விழுந்துட்டா எடுத்துக்கலாம்ப்பா.”

“உடைசலை யாராவது பெட்டியில போட்டுப் பத்திரப்படுத்துவாங்களா?”

“பாட்டில் வேற, மெயில் வேறப்பா.”

“எல்லாம் ஒண்ணுதான்.”

மகளுக்கு நேரமாகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பேச்சு அத்தோடு நின்றுபோனது.

அன்றைக்குப் பிடித்தது சனி. தினம் ஒரு விதியாவது எழுதாமல் மனிதர் நாற்காலியை விட்டு எழுவதில்லை. ‘இலவசம்’ இருந்தால் தள்ளு. ‘அவசரம்’ தள்ளு. ‘அன்புள்ள’ கட்டாயம் தள்ளு. “முன்னப்பின்ன தெரியாதவன் அன்புன்னு ஆரம்பிச்சா அது ஆப்புலதான் முடியும்.” மூன்று ஆச்சரியக்குறிக்கு மேல் இருந்தால் தள்ளு. ‘கடைசி நாள்’ என்று ஒரு விதி எழுதினார். அந்த வாரத்தோடு நூலகத்து நினைவூட்டல் நின்றது, மின்சாரக் கட்டண அறிவிப்பு நின்றது, கடைசியில் மின்சாரமும் நின்றது. “இப்ப எதைத் தள்ளப் போறீங்க?” என்று இருட்டில் உட்கார்ந்து மனைவி கேட்டாள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள் என்று கரடியாகக் கத்தினாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டால்தானே! சாப்பாட்டு நேரத்தில், “இன்பாக்ஸ் சுத்தம். ஒண்ணு கூட இல்ல” என்று அறிவிப்பார். யாரும் எட்டிப்பார்க்காத வீட்டு வாசலும் சுத்தமாகத்தான் இருக்கும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் அசையவில்லை.

அவருடைய சகலை, அதாவது அவள் தங்கை புருஷன், ஆச்சரியக்குறி இல்லாமல் எழுதத் தெரியாதவர். ‘நலம்!!!! நலமறிய ஆவல்!!!!’ என்றுதான் தொடங்குவார். எழுதின எதற்கும் பதில் இல்லாமல் போகவே, ஒருநாள் நேரிலேயே வந்து வாசலில் நின்றார்.

“என்ன அண்ணே, நமக்குள்ள என்ன தகராறு? வீடு மாத்திட்டோம், வாங்க வாங்கன்னு எத்தனை தடவை எழுதறது? ஒரு ஆள் வரல. நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“உன்மேல ஒண்ணும் இல்லப்பா. உன் ஆச்சரியக்குறி மேலதான்.”

“மனுஷன் ஆச்சரியப்படக்கூட இந்த வீட்ல உரிமை இல்லையா?”

“மூணு வரைக்கும் படலாம்” என்றார் பாட்டில்காரர். விதியை மட்டும் தளர்த்தவில்லை.

இத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த மனைவிக்கு, அந்த மெயில் பெட்டியில் சொந்தக் காரியம் ஒன்று இருந்தது. ஊர்த் தொழிற்பள்ளியில் பெரியவர்களுக்கு மாலை வகுப்புகள் நடக்கின்றன. திரைச்சீலை தைக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கடைக்கு வந்த ஓர் அம்மாள் சொன்னாள். “உங்க மடிப்பைப் பார்த்தாலே தெரியுதே, நீங்க ஏன் எழுதிப் போடக் கூடாது?” கணவர் காலை ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு நாளில், இரண்டே விரல்களால் தட்டித் தட்டி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். கொடுக்க அவளுக்கு வேறு முகவரி ஏது? வீட்டு முகவரியைத்தான் கொடுத்தாள். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விண்ணப்பத்தை வாங்கிப் படிப்பார். எங்கேயாவது அரை விரல் ஏறியிருக்கும். அதற்குப் பிறகு அதை அனுப்ப அவளுக்குத் துணிச்சல் வராது.

கடை போனுக்குக் கூப்பிட்டு, நேரில் வரச் சொன்னார்கள். மூன்று பேர் எதிரில் உட்கார்ந்திருக்க, ஒரு துண்டுத் துணியில் மடிப்பு வைத்துத் தைத்துக் காட்டினாள். எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டதுதான் தாமதம், மடை திறந்த மாதிரி பேச ஆரம்பித்தாள். துணி கை நழுவும்போது என்ன செய்வது, கோடு போட்ட துணியில் கோட்டை எப்படிச் சேர்ப்பது, ஜன்னலே கோணலாக இருந்தால் யாரைத் திட்டுவது என்று அவள் சொல்லச் சொல்ல மூன்று பேரும் சிரித்தார்கள். தனக்கு இவ்வளவு பேச வரும் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. முடிவை மெயிலில் எழுதுகிறோம் என்றார்கள். வீட்டில் பல் வைத்தியரிடம் போய் வந்ததாகச் சொன்னாள்.

“எந்தப் பல்லு?”

“கடைவாய்ப் பல்லு.”

“எங்க, வாயைத் திற.” டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தார். “ஒண்ணும் தெரியலையே. டாக்டர் சரியில்ல. வேற ஆளைப் பாரு.”

அந்த வேலை அவளுக்கு வேண்டியிருந்தது. ரொம்பவே வேண்டியிருந்தது. வாரத்தில் இரண்டு மாலை, அவ்வளவுதான். பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. ஆனால் நாலு பேருக்கு முன்னால் நின்று, இப்படிச் செய்யுங்கள் என்று அவள் சொல்வாள், அவர்கள் செய்வார்கள். செய்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று அவளைப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் சரியாக இருக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொல்வாள். பாத்திரம் துலக்கும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் ஒரு சாயங்காலம், பாட்டில்காரர் நாற்காலியிலேயே துள்ளினார்.

“பாரேன் இந்த அக்கிரமத்தை! ஒரே நாள்ல நாலு பேரு. ‘வாழ்த்துகள், நீங்கள் தேர்வு செய்யப்பட்டிருக்கிறீர்கள்.’ எல்லாப் பயலும் இப்படித்தான் ஆரம்பிக்கறான்.” விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “‘வாழ்த்துகள்’ தள்ளு. ‘தேர்வு’ தள்ளு.”

தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “ஏங்க, அது எதுக்கு? நிஜமாவே யாராவது எழுதினா?”

“யாரு எழுதப் போறா? நம்ம வீட்ல யாரை யாரு தேர்ந்தெடுக்கப் போறாங்க? நாம என்ன அழகிப் போட்டிக்கா போயிருக்கோம்?”

சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். அவளுக்குச் சுருக்கென்றது. அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு சொல்ல மனம் வரவில்லை. மகள் சொன்ன தனிப்பெட்டிதான் இருக்கிறதே, வந்தால் அதில் விழுந்து கிடக்கும், அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அவர் வேலைக்குப் போனதும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பது அவளுக்கு வாடிக்கையானது. பெட்டி காலி. கழுவித் துடைத்துக் கவிழ்த்த மாதிரி காலி. எண்ணெய் விளம்பரம்கூட ஒன்று இல்லை. அவர் எழுதின விதிகளில் அடிபட்ட மெயில் எல்லாம் அதில்தானே குவிந்து கிடக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மெயில் சமாசாரத்தில் எது வழக்கம், எது விநோதம் என்று அவள் எதைக் கண்டாள்? வந்திருந்தால் இருந்திருக்கும், இல்லை, ஆகவே வரவில்லை. நாளாக ஆக அவளுக்கு விளங்கிவிட்டது. மூன்று பேரும் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டிருக்கிறார்கள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவ்வளவு பேசிய தன் வாய் மேல் வந்தது. எழுதிப் போடச் சொன்ன அம்மாள் மேல் வந்தது. தையலில் தப்பு விழ ஆரம்பித்தது.

“ரெண்டு பக்கமும் ஏறியிருக்கு” என்றார் பாட்டில்காரர்.

“ஏறட்டும்” என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போன் வந்தது.

“தொழிற்பள்ளி ஆபீஸ்லேருந்து பேசறேம்மா. உங்களுக்கு ரெண்டு தடவை எழுதியாச்சு, பதிலையே காணோமே. வேண்டாம்னு விட்டுட்டீங்களா?”

“எழுதினீங்களா? என்னன்னு?”

“என்னன்னா? உங்களைத்தான் எடுத்திருக்கோம்னு. இன்னைக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள சம்மதம்னு நீங்க பதில் அனுப்பணும். இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லியிருக்காங்க.”

“சம்மதம்னு இப்பவே சொல்றேனே.”

“வாயால சொன்னா போதாதும்மா, எழுத்துல வேணும். அந்த மெயில்லயே பதில் போடுங்க. நான் என்ன பண்றது, சொன்னதைச் செய்யறவ.”

கத்தரிக்கோலைப் போட்டது போட்டபடி, கழுத்தில் டேப் தொங்க, அவள் வீட்டுக்கு ஓடினாள். காலை ஷிப்டு முடித்து வந்திருந்த பாட்டில்காரர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அவித்த முட்டையை நிதானமாக உரித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, ஸ்பேம் பெட்டியில விழுந்ததெல்லாம் எங்க?”

“எந்தப் பெட்டி? அதைத்தான் அன்னைக்கே மாத்திட்டேனே. என் விதியில அடிபட்டா நேரா டெலீட். பெட்டியும் கிடையாது, சட்டியும் கிடையாது.”

“டெலீட் ஆனா எங்க போகும்?”

“எங்கயும் போகாது. அதுதானே விசேஷம்!”

பெருமையாகத்தான் சொன்னார். அவள் அங்கேயே நின்று, அக்கம்பக்கம் கேட்கட்டும் என்று கத்தினாள். “எனக்கு வேலை வந்துச்சு. ரெண்டு தடவை வந்துச்சு. ரெண்டு தடவையும் நீங்க தள்ளிட்டீங்க!” விண்ணப்பம் போட்டது, மூன்று பேர் முன்னால் தைத்துக் காட்டியது, இல்லாத பல்வலி, தினமும் காலிப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தது, இன்றைக்குள் பதில் போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்பது எல்லாவற்றையும் மூச்சிரைக்கக் கொட்டித் தீர்த்தாள்.

அவர் திகைத்துப்போனார். “என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்திருப்பீங்க. எங்கயாவது ஒரு கீறல் தெரிஞ்சிருக்கும். நான் செய்யறது எதுலதான் உங்களுக்குக் கீறல் தெரியல?” அவள் குரல் உடைந்தது. “நம்ம வீட்ல யாரை யாரு தேர்ந்தெடுக்கப் போறாங்கன்னு கேட்டீங்களே. என்னைத்தாங்க. என்னைத் தேர்ந்தெடுத்திருக்காங்க.”

பாதி உரித்த முட்டையைத் தட்டில் வைத்தார். கைகூடக் கழுவாமல் எழுந்துபோய்ப் போனை எடுத்துக்கொண்டு, “நம்பரைச் சொல்லு” என்றார்.

“வணக்கம்மா. தையல் டீச்சர் வேலைக்கு எழுதினீங்களே, அவங்க வீட்டுக்காரர் பேசறேன். பதில் வராதது அவங்க தப்பு இல்ல. தப்பு என் பேர்ல. நான்தான் தள்ளினேன். ... இல்லம்மா, சண்டை எல்லாம் ஒண்ணும் இல்ல, ஃபில்டர்ல தள்ளினேன். ... ஆமா, நானே எழுதின ஃபில்டர். ... தயவுபண்ணி இன்னொரு தடவை அனுப்புங்க. இந்தத் தடவை வந்து சேரும், அதுக்கு நான் பொறுப்பு.” அத்தோடு வைத்திருக்கலாம். வைப்பவரா அவர்? “ஒண்ணு சொல்லட்டுமாம்மா? நீங்களும் இப்படி வாழ்த்துகள்னு ஆரம்பிக்காதீங்க. திருட்டுப் பயலுங்க எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கறானுங்க. வேற மாதிரி எழுதிப் பாருங்க.”

“ஐயோ, வேலை குடுக்கறவங்களுக்கே குறை சொல்றீங்களே! வைங்க போனை!” என்று அவள் அலறினாள்.

பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரையைத் துடைக்கவில்லை. விதிப் பட்டியலைத் திறந்தால், அது பாட்டுக்கு முடிவில்லாமல் கீழே போய்க்கொண்டே இருந்தது. ‘வாழ்த்துகள்’ விதியை நீக்கினார். ‘தேர்வு’ விதியை நீக்கினார். “கடைசி நாள்னு எழுதியிருந்தாங்கன்னா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டு அதையும் நீக்கினார். “அன்புள்ளன்னு போட்டிருந்தா?” அதுவும் போனது. அவள் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள், அவர் விரலைப் பார்த்தாள், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு விதிக்கும், ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஒவ்வொரு தடவையும் மனிதர் அதைக் கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் ஆம் என்று அழுத்தினார்.

“எல்லாத்தையும் எடுத்துத் தொலைங்களேன்!”

எடுத்தார். கதவு திறந்தது தெரிந்த மாதிரி ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. முடி எண்ணெய் வந்தது. அதிர்ஷ்ட அலுவலகம் வந்தது. சகலையின் ‘எப்போது வருகிறீர்கள்!!!!!’ வந்தது. தூர தேசத்து இளவரசன் ஒருவன் தன் சொத்தையெல்லாம் இவரிடம் ஒப்படைக்கத் தவித்துக்கொண்டு வந்தான். பாட்டில்காரர் நெற்றியில் வியர்த்தது. ஒன்றையும் தொடவில்லை. அனுப்பியவர் பெயரைக்கூட உரக்கப் படிக்கவில்லை.

இளவரசனுக்கு மேலே, தொழிற்பள்ளி என்ற பெயர் வந்து உட்கார்ந்தது. ‘வாழ்த்துகள்! நீங்கள் தேர்வு செய்யப்பட்டிருக்கிறீர்கள்.’ ஆபீஸ்காரி அவர் யோசனையைக் கேட்கவில்லை.

“எழுந்திருங்க” என்றாள் மனைவி.

எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவள் உட்கார்ந்து, இரண்டு விரல்களால் தட்ட ஆரம்பித்தாள். எழுத்தைத் தேடித் தேடித் தட்டினாள். ‘எனக்குச் சம்மதம். வகுப்புக்கு வருகிறேன். கட்டாயம் வருகிறேன்.’ அங்கே நிறுத்தியிருக்கலாம். போதுமா போதாதா என்று தெரியவில்லை. ‘வருகிறேன்’ என்று இன்னொரு தடவையும் தட்டினாள்.

தோளுக்குப் பின்னால் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. குறை சொல்வதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு அது. எத்தனை வருஷமாகக் கேட்கிறாள், அவளுக்குத் தெரியாதா? ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இப்படி எழுதாது. அந்தக் கண்ணுக்கு அது படாமல் இருக்கவே இருக்காது. கழுத்தைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

அனுப்பு என்ற இடத்தை அழுத்தினாள். போய்விட்டது என்று திரையில் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள், ஆபீஸ் மூட இன்னும் நேரம் இருந்தது. பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். பாட்டில்காரர் அவளுக்கு முதுகைக் காட்டி, செருப்பு அலமாரியைப் பார்த்தபடி, முட்டை ஒட்டிய கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்றார்.